மௌனச் சித்திரத்தின் மகோன்னதம்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வேரூன்றத் தொடங்கிய 1920-களில், அந்நகருக்கு மேற்கே கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் நிறுவிய வெரைட்டி ஹால் கொங்கு மக்களுக்கு மௌனப்படங்களைப் பரிச்சயப்படுத்திக்கொண்டிருந்த அதே சகாப்தத்தில், வங்காளத்து ஹிமான்ஷு ராயும் ஜெர்மானிய டைரக்டர் பிரான்ஸ் ஆஸ்டனும், ராஜபுதனத்து அரண்மனைகளையும் வனங்களையுமே அரங்கமாக்கி, 'பிரபஞ்ச பாஷ்' என்னும் பிரம்மாண்டமான சித்திரத்தை 1929-இல் உருவாக்கினார்கள்.

மகாபாரதச் சூதாட்டத்தைத் தழுவி நிரஞ்சன் பால் அமைத்த அக்கதையில், முனிவரின் குமாரத்தியை விரும்பும் இரு மன்னர்களில் ஒருவன், பொய்ப் பகடையால் மற்றவனின் ராஜ்யத்தையும் சுதந்திரத்தையும் கவர்ந்துகொள்கிறான். 10,000 துணை நடிகர்களும் 1,000 குதிரைகளும் 50 யானைகளும் திரண்டதாகக் கூறப்படும் அக்காட்சிகள், ஐரோப்பிய ரசிகர்களுக்கு அபூர்வமான கீழ்த்திசைக் கனவாக விளங்கின என்றாலும், நமக்கோ அது தெருக்கூத்திலும் பாரதப் பிரசங்கத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த சூதின் கதையே.

சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' ஒரு சுருள்கூட எஞ்சாமல் அழிந்துபோயிருக்க, பிரிட்டிஷ் திரைப்படக் காப்பகத்தின் சிரத்தையால் இச்சித்திரம் இன்றும் ஜீவித்திருக்கிறது. கலையைப் படைப்பதைப் போலவே அதைப் பேணிக் காப்பதும் ஒரு சமூகத்தின் தர்மம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.