கார்த்திக் சுப்பராஜின் தாதாக்கள்: திருந்துவதற்கு யாருடைய துயரம் தேவைப்படுகிறது?

தமிழ்நாட்டு இயக்குநர் கார்த்திக் சுப்பராஜின் தாதாப் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விடயம் பழக்கப்பட்டிருக்கும். அவருடைய தாதாக்களில் பலர் கடைசிவரை தாதாவாக இருப்பதில்லை. கதையின் ஏதோவொரு கட்டத்தில் அவர்கள் மாறிவிடுகிறார்கள். அவர்களை மாற்றுவது எது என்பதுதான் என்னுடைய கேள்வி. 2021இல் அந்த இடத்தில் ஈழத்தமிழ் அகதிகள் வைக்கப்பட்டார்கள் என்பதால், இது எமக்கும் உரிய கேள்வி.

முதலில் அவருடைய பாணியைப் பார்ப்போம். கதை மதுரையில் தொடங்கும், அல்லது மதுரைக்கு வந்து சேரும். சந்தோஷ் நாராயணனின் இசை வன்முறையைக் கொண்டாட்டமாக மாற்றும். இடைவேளையை ஒட்டி ஒருவருடைய உண்மையான முகம் வெளிப்படும். ‘பேட்ட’ (2019) படத்தில் விடுதிக் காப்பாளராக வரும் காளி, பேட்ட வேலனாக மாறுவது இந்த வகைதான். துரோகம் எப்போதும் நெருங்கியவரிடமிருந்து வரும். தகப்பன், மகன் உறவு கத்திமுனையில் நிற்கும். ‘மகான்’ (2022) முழுவதுமே அந்த உறவைப் பற்றிய படம். எல்லாவற்றுக்கும் மேலாக, சினிமாவுக்குள் சினிமா இருக்கும். பழைய படங்களின் பாட்டுகளும் அமெரிக்க ‘கௌபோய்’ படங்களின் சாயலும் திரும்பத் திரும்ப வரும்.

இந்தப் பாணி மிகவும் சிறப்பாகக் கைகூடிய படம் ‘ஜிகர்தண்டா’ (2014). தாதாக் கதை எழுதுவதற்காக மதுரைக்கு வரும் இளம் இயக்குநரிடம், தானே கதாநாயகனாக நடிக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறான் ‘அசால்ட்’ சேது. படம் வெளிவந்ததும் ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு சேதுவை மாற்றுகிறது. இயக்குநரோ மெல்ல மெல்ல ஒரு தாதாவாகிறான். சேதுவாக நடித்த பாபி சிம்ஹாவுக்குச் சிறந்த துணை நடிகருக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. இங்கே தாதாவை மாற்றுவதற்கு எவரும் சாகவேண்டியிருக்கவில்லை. அவனுடைய பெருமை உடைந்ததே போதுமாயிருந்தது.

‘ஜகமே தந்திரம்’ அப்படியல்ல. 2021 ஜூன் மாதம் நெற்பிளிக்ஸில் வெளியான இந்தப் படத்தில், பரோட்டாக் கடை நடத்தும் மதுரைத் தாதா சுருளியை (தனுஷ்) லண்டனுக்கு அழைக்கிறான் வெள்ளையின நிறவெறியனான பீற்றர். பீற்றரின் எதிரி சிவதாஸ். ஆயுதமும் தங்கமும் கடத்தும் சிவதாஸ், அதில் வரும் பணத்தை அகதிகளுக்காகச் செலவிடுகிறான். காசுக்காகச் சுருளி அவனைக் காட்டிக்கொடுக்கிறான். சிவதாஸ் கொல்லப்படுகிறான். பின்னர் அட்டில்லா என்ற ஈழத்தமிழ்ப் பெண் தன் கதையைச் சொல்கிறாள். போர்க்காட்சிகள் திரையில் விரிகின்றன. சுருளி மனம் மாறிப் பீற்றருக்கு எதிராகத் திரும்புகிறான்.

கதையின் இந்தக் கட்டமைப்பைக் கவனியுங்கள். எம்முடைய போர் இந்தப் படத்துக்குள் வருவது, சுருளிக்குக் குற்றவுணர்வு தேவைப்படும் அந்த நேரத்தில்தான். அவன் திருந்தியதும் அது கதையின் பின்புறத்துக்குப் போய்விடுகிறது. அட்டில்லா வலியைச் சொல்லவேண்டும்; அதைக் கேட்ட ஆண் சண்டைபிடிக்க வேண்டும். அதே நேரத்தில், அகதிகளுக்காகப் போராடும் ஒரே தலைவன் கடத்தல்காரனாகவே இருக்கிறான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டுக்கு ஆவணங்களைத் தேடி, தீர்ப்புக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை எம்மில் பலருக்குத் தெரியும். அவர்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடிய சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். கேங்ஸ்டர் படத்தின் இலக்கணத்தில் இவர்களுக்கு இடமில்லை. அங்கே பலம் என்றால் துப்பாக்கி, துப்பாக்கி இல்லாதவர் பலியாள்.

இது வெறும் இரசனைப் பிரச்சினை அல்ல. புகலிடம் கோரும் தமிழர் மீது ஏற்கனவே குற்றச் சந்தேகம் சுமத்தப்படுகிறது. எமக்குப் பரிந்து பேச வந்த படமும், எம்மவரின் தலைவனாக ஒரு கடத்தல்காரனைத்தான் கற்பனை செய்தது என்பதே எனக்கு உறுத்துகிறது.

படத்துக்குரிய நியாயத்தையும் சொல்லவேண்டும். அகதிகளை வெளியேற்றும் சட்டமூலம் ஒன்றை வில்லனின் உண்மையான ஆயுதமாகக் காட்டியது பெரிய நடிகரை வைத்து எடுக்கும் தமிழ்ப் படங்களில் அரிது. முடிவில் பீற்றரைக் கொல்லாமல், எந்த நாட்டுக்கும் உரியவன் அல்லாதவனாக விட்டுவிடுவது யோசித்து எழுதப்பட்ட தண்டனை. நாடற்ற நிலை என்றால் என்னவென்று அந்த ஒரு காட்சி புரியவைக்கிறது.

இரண்டு வருடங்களின் பின்னர் வந்த ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ (2023) இதே சூத்திரத்தை வேறுவிதமாகக் கையாள்கிறது. இங்கும் ஒரு தாதா இருக்கிறான், ஒடுக்கப்பட்ட மக்கள் இருக்கிறார்கள். ஆனால் அலியஸ் சீசர் அந்த மலைவாழ் மக்களில் ஒருவன். அவர்களுடைய துயரம் அவனுக்கு வெளியாள் சொல்லித் தெரியவேண்டிய கதை அல்ல. ஆயுதப்படை அவர்களைக் கொல்ல வரும்போது கமரா ஓடிக்கொண்டிருக்கிறது. கொலைக்குச் சாட்சியாகப் படச்சுருள் எஞ்சுகிறது. இறுதிப்போரின் காட்சிகளைக் கைத்தொலைபேசிப் பதிவுகளில் பார்த்த எமக்கு, ஈழத்தைப் பெயர் சொல்லிய படத்தைவிட, பெயர் சொல்லாத இந்தப் படம் நெருக்கமாக இருப்பது தற்செயல் அல்ல. ஆனால் பழக்கம் முற்றாக விட்டுப்போகவில்லை. ‘ரெட்ரோ’விலும் (2025) வன்முறையைக் கைவிட நினைக்கும் நாயகனுக்காக, ஒரு தீவில் அடிமைப்பட்ட மக்கள் காத்திருக்கிறார்கள்.

சிவதாஸாகவும் அட்டில்லாவாகவும் நடித்தவர்கள் மலையாளத் திரையுலகைச் சேர்ந்த ஜோஜு ஜோர்ஜும் ஐஸ்வர்யா லக்ஷ்மியும். நல்ல நடிகர்கள்தான். ஆனால் 2015இல் கான் விழாவின் உயர் விருதை வென்ற பிரெஞ்சுப் படமான ‘தீபன்’, எழுத்தாளர் ஷோபாசக்தியை முதன்மைப் பாத்திரமாக்கியது. அதுவும் கடைசியில் துப்பாக்கிச் சண்டையில்தான் முடிந்தது. ஆனாலும் அதற்கு முன்னர், கட்டடக் காவலாளியாக வேலைசெய்து, மொழி தெரியாமல் தடுமாறி, போலிக் குடும்பத்தை உண்மைக் குடும்பமாக்கப் பாடுபடும் ஒரு மனிதனை நீண்ட நேரம் பார்க்க முடிந்தது.

எம்மைப் பற்றிய அடுத்த படம் வரும்போது நான் பார்க்கப்போவது அதைத்தான். அகதியான ஒருவர் எவரையும் திருத்துவதற்காக அன்றி, தனக்கென ஒரு காரியத்தோடு திரையில் எத்தனை நிமிடம் இருக்கிறார்?