பூதத்துக்குக் கை கொடுத்தவர்

நைஜல் நீல் பிபிசியில் மாதச் சம்பளத்துக்கு எழுதியவர். ஐல் ஆஃப் மேன் தீவில் வளர்ந்தார். கொஞ்சநாள் நடித்துப் பார்த்தார். சிறுகதைத் தொகுப்புக்காக 1950-இல் சாமர்செட் மாம் பரிசு வாங்கினார். அடுத்த ஆண்டு டெலிவிஷனுக்கு வந்தவருக்குப் பெரும்பாலும் பழைய நாடகங்களைப் பட்டி பார்க்கும் வேலைதான்.

1953 கோடையில் சனிக்கிழமை இரவுகளில் ஒரு இடம் காலியானது. அதற்காக அவர் எழுதியதே ஆறு வாரத் தொடரான ‘த குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’. விண்வெளிக்குப் போன மூவரில் ஒருவன்தான் திரும்புகிறான். மற்ற இருவரையும் தன்னுள் சுமந்து வந்த அவனும் மெல்ல மெல்லத் தாவரப் பூதமாக மாறுகிறான். நாயகனான விஞ்ஞானிக்குப் பெயர் கிடைத்தது லண்டன் டெலிபோன் டைரக்டரியில்! முதல் வாரம் ஒளிபரப்பு நெருங்கியபோதும் கடைசி இரண்டு வாரங்களை இன்னும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து எல்லாமே நேரலை. சபா நாடகங்களுக்கு எழுதிய எனக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். ஆனால் எங்களுக்கு அடுத்த சபாவில் சரிசெய்துகொள்ள வழி இருந்தது. திரையைப் படம்பிடித்துப் பதிவு செய்ய பிபிசி முயன்றபோது, இரண்டாம் வாரப் பதிவில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்துவிட்டது. தரம் போதவில்லை என்று அத்தோடு நிறுத்தினார்கள். இன்று மிஞ்சியவை முதல் இரண்டு வாரங்கள் மட்டுமே.

முடிவில் பூதம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் புகவேண்டும். ஜூன் மாதம்தான் அங்கே எலிசபெத்துக்கு முடிசூட்டினார்கள், நாடே டெலிவிஷனில் பார்த்தது. நீலும், பிறகு அவர் மனைவியான ஜூடித் கெரும் கையுறைகளில் இலைதழைகளை ஒட்டினார்கள். அபேயின் படத்தைப் பெரிதாக்கி, அதில் ஓட்டை போட்டு, நீல் தன் கைகளை நுழைத்து ஆட்டினார். அவ்வளவுதான் பூதம்! ஆனால் விஞ்ஞானி அதை ஆயுதத்தால் கொல்வதில்லை. உள்ளே சிக்கிய மூன்று மனிதர்களிடம் மன்றாடியே வெல்கிறார். பூதத்தைக் காட்ட வசதியில்லாத எழுத்தாளர் எடுத்திருக்கக்கூடிய மிகச் சரியான முடிவு என்பேன்.

1954 டிசம்பரில் ஆர்வெல்லின் ‘1984’-ஐ நாடகமாக்கினார். பாராளுமன்றம் வரை சர்ச்சை போனது. அடுத்து வந்த வியாழக்கிழமை நடிகர்கள் மறுபடி முழுவதையும் நேரலையில் நடித்தார்கள். அந்தப் பதிவு இருக்கிறது.

இதற்கிடையே குவாட்டர்மாஸின் பட உரிமையை ஹேமர் நிறுவனத்துக்கு பிபிசி விற்றது. சம்பளக்காரர் என்பதால் நீலுக்கு அப்போது ஒரு பென்னியும் இல்லை. விஞ்ஞானியாக அமெரிக்க நடிகர் பிரையன் டான்லெவியைப் போட்டதும் அவருக்குக் கசந்தது. தன் வேலை ஒப்பந்தம் முடிந்ததும் நீல் பிபிசியைவிட்டு விலகினார். 1958-இல் வந்த மூன்றாவது குவாட்டர்மாஸ் தொடரை வெளியாளாகவே எழுதிக் கொடுத்தார். மூன்றில் அதுதான் சிறந்தது.