சட்டை மாறிய ஆட்டக்காரர்கள்: என்.பி.ஏ. பயிற்சியாளர் பதவி கைமாறிய வரலாறு

பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆவதில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான் ஆவார் என்பது அமெரிக்கக் கூடைப்பந்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் ஆட்டம் முழுவதும் தெரியும் என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள். விளக்கம் அழகானதுதான், ஆனால் பாதிதான் சரி. பெஞ்சில் அறிவாளிகள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சியாளர் பதவி கிடைக்கத் தொடங்கியது ஒரு குறிப்பிட்ட காலத்தில்தான். அணி அணியாகச் சுற்றிய நாடோடி ஆட்டக்காரரைப் பயிற்சியாளராக்கியது அவர் சேர்த்த அறிவு மட்டுமன்று, அவர் சேர்த்த ஆட்களும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நிலைமை வேறாக இருந்தது. 1960-இல் என்.பி.ஏ.வில் இருந்தவை 8 அணிகள். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு 9 பட்டங்கள் வாங்கித் தந்த ரெட் அவர்பாக் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகவே அணியை நடத்தினார். பயிற்சியாளர் ஓய்வு பெற்றாலோ, நீக்கப்பட்டாலோ நிர்வாகத்தின் கண் முதலில் போனது அணியின் தலையாய ஆட்டக்காரரிடம். 1964-இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் டேவ் டிபுஷரிடம் அணியை ஒப்படைத்தபோது அவருக்கு வயது 24. சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசியும் வந்தவர் அவர். ஒரே ஆளிடம் எத்தனை வேலை வாங்கலாம் என்பதற்கு அந்தக் கால நிர்வாகங்கள் எல்லை வைக்கவில்லை. 1966-இல் அவர்பாக் விலகியதும் பில் ரஸ்ஸல் ஆடிக்கொண்டே பயிற்சியாளரானார். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். 1968, 1969 ஆகிய இரண்டு பட்டங்களையும் அவர் ஆடியபடியே வென்றார். சியாட்டிலில் லென்னி வில்கன்ஸும் இப்படித்தான் தொடங்கினார். இந்த ஏற்பாட்டில் கடைசி இருக்கைக்காரருக்கு இடமே இல்லை.

அந்தக் கதவை மூடியதில் ஒரு கணக்கு விதிக்குப் பெரும் பங்கு உண்டு. 1984-85 சீசனில் சம்பள உச்சவரம்பு வந்தது; ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். ஆட்டக்காரரின் சம்பளம் வரம்புக்குள் வரும், பயிற்சியாளரின் சம்பளம் வராது. ஒருவரே இரண்டு வேலையும் பார்த்தால் ஆட்டத்துக்கான பணத்தைப் பயிற்சிச் செலவு என்று எழுதி வரம்பைத் தாண்டிவிடலாம். ஆகவே ஆடும் பயிற்சியாளர் என்ற வகையே இல்லாமல் போயிற்று. நடைமுறையில் 1978-79-இல் பாஸ்டனின் டேவ் கவன்ஸோடு அது ஏற்கெனவே ஓய்ந்துவிட்டது; விதி ஆணியடித்தது.

இதற்கிடையில் லீக் விரிந்துகொண்டிருந்தது. 1967-இல் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் பிறந்தது. 1976-இல் அதிலிருந்து நான்கு அணிகள் வந்து சேர, என்.பி.ஏ.வில் 22 அணிகள் ஆயின; 1995-இல் 29, 2004-இல் 30. அணிகள் பெருகினால் கடைசி நாற்காலிகளும் பெருகும். நாடோடி ஆட்டக்காரர் என்ற தொழிலே இப்படி உருவானதுதான்.

ஏ.பி.ஏ.வில் லாரி பிரவுன் 1967 முதல் 1972 வரை ஐந்து அணிகளுக்கு ஆடினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஓக்லண்ட், வாஷிங்டன், வர்ஜீனியா என்று அவர் பெயருக்கு நேரே நிற்கும் மூன்றும் ஒரே அணி, ஊர்விட்டு ஊர் ஓடியது அணிதான். 1972-லேயே கரோலைனா கூகர்ஸ் அணியின் பயிற்சியாளரானவர், பிறகு அந்தத் தொழிலிலும் நாடோடியாகவே வாழ்ந்தார். 1988-இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்கும் 2004-இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்கும் பட்டம் வென்றார். கல்லூரி, என்.பி.ஏ. இரண்டிலும் பட்டம் வென்ற பயிற்சியாளர் அவர் ஒருவரே.

ஃபில் ஜாக்சனின் கதையில் ஆள் அறிமுகம் தெளிவாகவே தெரிகிறது. நியூயார்க் நிக்ஸில் மாற்று ஆட்டக்காரராகப் பல ஆண்டுகள், கடைசியாக நியூ ஜெர்சி நெட்ஸ், அதன்பின் பயிற்சியாளராக ஆல்பனி பேட்ரூன்ஸ். ஆல்பனி இருந்தது சி.பி.ஏ. என்ற சிறு லீக்கில். அங்கே 1984-இல் பட்டம் வென்றும் என்.பி.ஏ. அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர் சிகாகோவின் ஜெர்ரி கிராஸ். 1967-இல் ஜாக்சன் வடக்கு டகோட்டாவில் கல்லூரி மாணவராக இருந்தபோதே, பால்டிமோர் அணிக்காக ஆள் தேடிப் போய் அவரைப் பார்த்து வைத்தவர் கிராஸ். 20 ஆண்டு பழைய அந்த அறிமுகம் 1987-இல் துணைப் பயிற்சியாளர் வேலையானது. 1989-இல் தலைமைப் பதவி. அதன்பின் 11 பட்டங்கள். ஆல்பனியின் வெற்றி அவரைத் தகுதியாக்கியது. வேலை வாங்கித் தந்தது வேறு.

ரிக் கார்லைல் என்.பி.ஏ.வில் ஆடியது மொத்தம் 188 ஆட்டங்கள், சராசரி 2.2 புள்ளி. ஆனால் அவர் தொடங்கிய இடம் லாரி பேர்டின் பாஸ்டன். 1989-இல் நெட்ஸ் அணியோடு ஆட்டம் முடிந்து அங்கேயே துணைப் பயிற்சியாளரானார். 1997-இல் பேர்ட் இண்டியானா பேசர்ஸின் தலைமைப் பயிற்சியாளரானபோது கார்லைலைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். மகா ஆட்டக்காரர் பெயருக்கு முன்னால் நிற்க, தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர் முன்னாள் பெஞ்ச்காரர். கார்லைல் 2011-இல் டாலஸுக்குப் பட்டம் வென்றார்.

இவர்கள் எல்லோரையும்விட நாடோடித் தொழிலின் முழு இலக்கணமாகச் சொல்ல வேண்டியவர் கெவின் ஆலி. 1995 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. சி.பி.ஏ.வில் ஆடிவிட்டு 1997-இல் டாலஸ் வழியாக என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தார். பிறகு ஆர்லாண்டோ, சேக்ரமெண்டோ, பிலடெல்பியா, நியூ ஜெர்சி, சிகாகோ, இண்டியானா, மில்வாக்கி, சியாட்டில், கிளீவ்லண்ட், மினசோட்டா, ஓக்லஹோமா சிட்டி. ஊர்களை எண்ணினால் 12 வரும். சியாட்டில் அணிதான் 2008-இல் ஓக்லஹோமா சிட்டிக்குக் குடிபோயிற்று என்பதால் அணிகள் 11. 2003 பிப்ரவரியில் மில்வாக்கி ரே ஆலனைக் கொடுத்து கேரி பேட்டனை வாங்கிய பெரிய பரிமாற்றத்தில் ஆலியும் கூடவே சியாட்டிலுக்கு அனுப்பப்பட்டார். செய்தியில் கடைசிப் பெயர்.

இப்படிப்பட்டவர்களின் பிழைப்பு என்.பி.ஏ.வின் பத்து நாள் ஒப்பந்தத்தைத் தெரிந்துகொண்டால் புரியும். ஒரு சீசனில் ஓர் அணி ஒருவரை இரண்டு முறை பத்துப் பத்து நாளுக்கு எடுக்கலாம். மூன்றாவது முறை வேண்டுமானால் மீதி சீசன் முழுமைக்கும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். பத்து நாளுக்குள் அந்த அணியின் அத்தனை ஆட்ட வியூகங்களும் மனப்பாடமாக வேண்டும். தன் இடத்துக்கு மட்டுமல்ல, யார் காயம்பட்டாலும் அந்த இடத்துக்கும். பாயிண்ட் கார்டாக இருந்தால் மற்ற நால்வரை நிற்க வைக்கவும் தெரிய வேண்டும். புது முதலாளி, புதுப் பாடம், ஊருக்கு ஊர் வேறு கலைச்சொற்கள். நட்சத்திரத்துக்கு இது எதுவும் தேவையில்லை. ஆட்டமே அவரைச் சுற்றித்தான் வகுக்கப்படும். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததால் அறிவு வந்தது என்பதைவிட, மாதக் கடைசியில் வேலை நிலைக்க வேண்டுமே என்ற பயத்தில் படித்ததால் வந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆலி பிலடெல்பியாவில் ஆலன் ஐவர்சனோடும், கிளீவ்லண்டில் முதல் ஆண்டு லெப்ரான் ஜேம்ஸோடும், கடைசியாக 2009-10-இல் ஓக்லஹோமாவில் இளம் கெவின் டுரண்டோடும் ஒரே அறையில் சட்டை மாற்றியவர். 2010-இல் தாம் படித்த கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் தம் பழைய ஆசான் ஜிம் கால்ஹூனுக்குத் துணையாகச் சேர்ந்தார். 2012-இல் அவருக்குப் பின் தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டு சீசன் முடிவுப் போட்டிகளில் ஆட அணிக்குத் தடை. 2014-இல் தேசியக் கல்லூரிப் போட்டிக்குள் ஏழாம் தரவரிசையில் நுழைந்த அணி, இறுதியில் கென்டக்கியை 60-54 என்று வென்று பட்டம் வாங்கியது. 2018-இல் விதிமீறல் புகாரில் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. அந்த நீக்கம் முறையற்றது என்று மத்தியஸ்தர் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்து, ஒரு கோடியே பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னார்.

டைரான் லூவை உலகம் ஒரு படத்தால்தான் அறிந்திருந்தது. 2001 ஜூன், இறுதித் தொடரின் முதல் ஆட்டம். லேக்கர்ஸ் பெஞ்சுக்கு எதிரிலேயே ஐவர்சன் பந்தைக் கூடையில் போடுகிறார். தடுக்கப் போன லேக்கர்ஸ் ஆட்டக்காரர் லூ கீழே விழுந்து கிடக்க, ஐவர்சன் அவரைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து நடக்கிறார். அன்று ஐவர்சன் அடித்தது 48 புள்ளி. பட்டம் வென்றதென்னவோ லேக்கர்ஸ்தான். அது யாருக்கும் நினைவில்லை. லூ பிறகு ஆறு அணிகள் சுற்றினார். ஆர்லாண்டோவில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த டாக் ரிவர்ஸ் 2009-இல் பாஸ்டனில் வேலை போட்டுக் கொடுத்தார், 2013-இல் கிளிப்பர்ஸுக்குத் தம்மோடு கூட்டிப்போனார். 2016 ஜனவரியில், 30 வெற்றி 11 தோல்வி என்ற நிலையில் டேவிட் பிளாட்டை நீக்கிவிட்டு கிளீவ்லண்ட் அணியை அங்கே அப்போது துணைப் பயிற்சியாளராக இருந்த லூவிடம் கொடுத்தார்கள். அந்த ஜூனில் 73 ஆட்டம் வென்றிருந்த கோல்டன் ஸ்டேட்டிடம் 1-3 என்று பின்தங்கியிருந்து, கிளீவ்லண்ட் தன் முதல் பட்டத்தை வென்றது. எதிர் பெஞ்சில் இருந்த ஸ்டீவ் கெர், 1988 டிராஃப்டில் 50-ஆவது ஆளாக எடுக்கப்பட்டு ஆறு அணிகளுக்கு ஆடியவர். ஜாக்சன், பாப்பவிச் என்ற இரு பயிற்சியாளர்களிடமும் ஆடிக் கற்றதை கோல்டன் ஸ்டேட்டில் கலந்தவர். 2016 இறுதித் தொடரை நாடோடிகளின் உச்சம் என்று குறிக்கலாம்.

அதன்பின் காற்று திசை மாறியது. மயாமியின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995-இல் ஆட்டப் பதிவுகளை வெட்டி ஒட்டும் வீடியோ அறையில் சேர்ந்து 2008-இல் தலைமைக்கு வந்தவர். அவர் போன வழி பிறகு பெரும்பாதையானது. 2019 முதல் 2025 வரை பட்டம் வென்ற பயிற்சியாளர்கள் நர்ஸ், வோகல், புடன்ஹோல்சர், கெர், மலோன், மசூலா, டேக்னால்ட். இந்த ஏழு பேரில் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டமாவது ஆடியவர் 2022-இல் வென்ற கெர் மட்டுமே. பத்து ஊர் சுற்றி மனப்பாடம் செய்ததை இன்று திரையில் ஒரே அறையில் கற்கலாம். அறிமுகங்களும் அந்த அறையிலேயே கிடைத்துவிடுகின்றன. ஆலியின் கனெக்டிகட்டிலேயே மாணவ உதவியாளராக இருந்தவர் மார்க் டேக்னால்ட். 2025 இறுதித் தொடரில் அவருடைய ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரே இண்டியானாவை நடத்தியவர் 188 ஆட்டக்காரர் கார்லைல். ஏழாவது ஆட்டம் வரை இழுத்துப் பார்த்தார். 103-91 என்று ஓக்லஹோமா வென்றது.