நிலாவெளி: கேட்கப்படாத ஒரு கேள்வி

நோயாளியைத் தோட்ட வேலைக்கோ பாட்டுக் குழுவுக்கோ மருத்துவர் அனுப்பிவைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ‘சமூகப் பரிந்துரை’ என்று பெயர். 2019 முதல் அங்கே அரச சுகாதார சேவை இதற்கென்றே இணைப்பாளர்களை நியமித்து வருகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நிலாவெளிதான் நினைவில் எழும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரைக்கு உளவளத்துணையாளர் பலர் வந்தனர். அதேவேளை அரசு, தெற்கில் 100 மீற்றரும் வடக்குக் கிழக்கில் 200 மீற்றருமாகக் கரையோரத்தில் வீடு கட்டத் தடை விதித்தது. மக்களைக் கேட்டுப் போட்ட கோடல்ல அது. (சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் விதி நெகிழ்ந்தது.)

கரைவலை தனியொருவர் தொழிலன்று. பலர் கூடி, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். வாடியும் வள்ளமும் கண்ணெதிரே இருக்க வேண்டும். உற்றாரை இழந்தவனுக்குத் துணையாகக்கூடிய கூட்டம் அந்தக் கயிற்றடியில்தான் இருந்தது. அவனைக் கரையிலிருந்து பெயர்த்துவிட்டு ஆறுதல் சொல்வது என்ன வைத்தியமோ!

எதிர்ப்பு வலுத்தபின், 2005 இறுதியில் அத்தடை தளர்த்தப்பட்டது. அனர்த்த காலத்து உளசமூக உதவியைத் திட்டமிடுவதில் பாதிக்கப்பட்டோரும் பங்கேற்க வேண்டும் என வலியுறுத்திய சர்வதேச வழிகாட்டி 2007இல் வெளிவந்தது. அதற்குள் நிலாவெளியில் அலை அடித்து இரண்டாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.