கென்னபெக் கரையின் மருத்துவச்சி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் காடுகளைக் கடந்து தெற்கே ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது கென்னபெக் ஆறு. அபெனாக்கி பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. 1754இல் ஆங்கிலேயக் குடியேறிகள் அங்கே வெஸ்டர்ன் கோட்டையைக் கட்டினார்கள். அதையொட்டி ஹாலோவெல் என்ற ஊர் வளர்ந்தது. அப்போது மெய்ன் தனி மாநிலமல்ல. 1820 வரை மாசசூசெட்ஸின் ஒரு பகுதி.

1777இல் மார்த்தா பல்லார்ட் இந்த ஊருக்குக் குடிவந்தார். எட்டு வருடங்களுக்கு முன்புதான், மாசசூசெட்ஸில் இருந்த சொந்த ஊரான ஆக்ஸ்ஃபோர்டில் பரவிய டிப்தீரியா அவருடைய மூன்று மகள்களைக் கொண்டுபோயிருந்தது. அப்போது அவர் வயிற்றில் இன்னொரு குழந்தை. கணவர் எஃப்ராயிம் நில அளவையாளர். மரம் அறுக்கும் ஆலையும் மாவு அரைக்கும் ஆலையும் நடத்தியவர். மார்த்தா செய்தது மருத்துவச்சி வேலை.

1785 ஜனவரி 1 அன்று, ஐம்பதை நெருங்கும் வயதில், மார்த்தா நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1812 மே மாதம் வரை, சாவதற்குச் சில வாரங்கள் முன்புவரை, 27 ஆண்டுகள் எழுதினார். வானிலை, வந்துபோனவர்கள், செய்த வேலை என்று நாளுக்குச் சில வரிகள்தான். அந்த 27 ஆண்டுகளில் அவர் பார்த்த பிரசவங்கள் 816. பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு தாயைக்கூட அவர் இழக்கவில்லை. பேறுகாலத்துக்குப் பிந்தைய நாட்களில் இறந்தவர்களும் ஐந்து பேர்தான். மருத்துவமனையோ கிருமிநாசினியோ இல்லாத காலத்தில் ஒரு பெண்ணின் கைகள் இதைச் செய்திருக்கின்றன!

அந்த ஊரின் வாழ்க்கையை ஆறுதான் நடத்தியது. பனிக்காலத்தில் ஆறு உறைந்துவிடும், கப்பல் வராது. ஆனால் உறைந்த ஆறே சாலையாகிவிடும். சறுக்கு வண்டியிலும் நடந்தும் மக்கள் அக்கரைக்குப் போய்வந்தார்கள். வசந்தத்தில் பனிக்கட்டி உடையும் நாட்கள்தான் ஆபத்தானவை. நடக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது. பிரசவ வலிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? ஆள் வந்து கூப்பிட்டால் மார்த்தா கிளம்பிவிடுவார். 1789 ஏப்ரலில் ஒருமுறை, புயல் மழையில் ஆற்றைக் கடந்து, வெள்ளத்தில் சுழித்தோடும் ஓடைகளைத் தாண்டி, குதிரை மேல் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பிரசவ வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிவிடுவார்கள். மருத்துவச்சியின் கூலி பொதுவாக ஆறு ஷில்லிங். பலர் அதைக் காசாகத் தருவதில்லை. வெண்ணெய், மாவு, மெழுகுவத்தி, பலகை என்று கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். கூலி வந்து சேர்ந்ததும் பிரசவக் குறிப்பின் அருகே மார்த்தா இரண்டு பெருக்கல் குறிகள் போட்டுவைப்பார்.

அவருக்கு இன்னொரு கடமையும் இருந்தது. மணமாகாத பெண்ணுக்கு வலி உச்சத்தில் இருக்கும்போது, குழந்தையின் தகப்பன் யார் என்று மருத்துவச்சி கேட்க வேண்டும். அந்த நேரத்தில் பெண் பொய் சொல்லமாட்டாள் என்பது நம்பிக்கை. சட்டமும் அவள் வாக்கை ஏற்றது. குழந்தையைக் காப்பாற்றும் பொறுப்பு அந்த ஆணைச் சேரும். 1791இல் அப்படிக் கேட்டபோது ஒரு பெண் சொன்ன பெயர், மார்த்தாவின் சொந்த மகன் ஜொனாதன்! மார்த்தா அதை மறைக்கவில்லை. மற்றவர்களுடையதைப் போலவே எழுதி வைத்தார். சில மாதங்களில் ஜொனாதன் அவளை மணந்துகொண்டான்.

வீட்டுக்குள் வேறொரு பொருளாதாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆளிச்செடியின் நாரையும் ஆட்டுரோமத்தையும் மகள்கள் ராட்டையில் நூற்று, தறியில் நெய்தார்கள். ஒருத்தி பாவு ஓட்டிக் கொடுப்பாள். இன்னொருத்தி தறி அச்சை இரவல் வாங்கிப் போவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தங்கியிருந்து வேலை செய்தார்கள். மகள்கள் மணமாகிப் போனதும் வீட்டில் தறிவேலை குறைந்தது. வயதான மார்த்தாவின் தலையில் சமையலும் துவைப்பும் கூடின. ஆண்களின் கணக்குப் புத்தகங்களில் மரமும் தானியமும் உண்டு. இந்தப் பெண்களின் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் இல்லை. மார்த்தா எழுதியிராவிட்டால் அந்த உழைப்பு அடையாளமின்றிப் போயிருக்கும்.

இந்த நாட்குறிப்பை வீட்டார் தலைமுறைகளாகப் பாதுகாத்தார்கள். 1884இல், மருத்துவராகப் பட்டம் பெற்ற கொள்ளுப்பேத்தியின் மகள் மேரி ஹோபார்ட்டிடம் அது வந்தது. 1930இல் அவர் அதை மெய்ன் மாநில நூலகத்துக்கு அளித்தார். ஆனால் வரலாற்றாசிரியர்கள் பலர் சில்லறைச் செய்திகள் என்று ஒதுக்கினார்கள். லாரல் தாட்சர் உல்ரிச் என்ற வரலாற்றாசிரியரோ அந்தச் சில்லறைச் செய்திகளையே எண்ணி, அடுக்கி, ஊர் ஆவணங்களோடு ஒப்பிட்டு 1990இல் ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. போர்களையும் தலைவர்களையும் மட்டும் வரலாறு என்று படித்துப் பழகிய நமக்கு, ஊர் எப்படிப் பிறந்தது, எப்படி உடுத்தியது, எப்படிக் கடன் தீர்த்தது என்பதையெல்லாம் இந்த மருத்துவச்சிதான் சொல்கிறார். அவரையும் வரலாற்றாசிரியர் என்றே நான் சொல்வேன்.

அவர் கணவரின் தொழிலோ வேறொரு கதைக்குள் இழுத்துச் செல்கிறது. 1795இல் காட்டில் நிலம் அளக்கப்போன எஃப்ராயிமை, மாறுவேடம் போட்ட ஆட்கள் ஆயுதங்களோடு வழிமறித்தார்கள். பள்ளத்தாக்கின் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை அது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)