தேர்வுத்தாளும் தறிக்குழியும்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுதா, கணக்கு வருதா என்பதை நாம் கல்வித்துறையின் கேள்வியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். சதவீதம் வெளியாகும், வாத்தியாரைத் திட்டுவோம், அரசைத் திட்டுவோம், அடுத்த அறிக்கை வரும்வரை மறந்துவிடுவோம். காஞ்சிபுரம் மாதிரி ஒரு நெசவு ஊரில் வைத்துப் பார்த்தால் கேள்வியே வேறாகிவிடுகிறது. பிள்ளையின் பகல் பொழுது யாருக்குச் சொந்தமாக இருந்தது? மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

1822ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826ல் அவர் தொகுத்தபடி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம். முந்திரி, காணி, மா என்று பின்னங்கள். நெல் அளக்கவும் வட்டி போடவும் வேண்டிய கணக்கு அது. 1983ல் தரம்பால் இந்த ஆவணங்களை வெளியிட்ட பிறகு அதைப் பொற்காலமாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. 'தீண்டத்தகாதவர்' என்று ஒதுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லை என்பதைத் தள்ளிவிட்டுத்தான் அந்தக் கொண்டாட்டம். ஆனால் ஊர்விட்டு ஊர் பிள்ளைகளை ஒப்பிடுகிற ஒரே அளவுகோல் அன்று இல்லை என்பது உண்மை.

அந்த அளவுகோல் பணத்தோடு சேர்ந்து வந்தது. 1862ல் இங்கிலாந்தில் 'பலனுக்கேற்ற மானியம்' நடைமுறைக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார்; தவறிய பிள்ளைக்கு மானியத்தில் வெட்டு. அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்துக்கும் இம்முறை வந்து சேர்ந்தது. பாடம் தேர்வுக்குள் சுருங்கியது, வாத்தியாரின் வயிறு பிள்ளையின் பதிலில் தொங்கியது. 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானத்தோடு இந்தியாவில் அது கைவிடப்பட்டது. தேர்வு என்பது கண்காணிப்பும் தீர்ப்பும் ஒன்றாகச் சேர்கிற இடம் என்று ஃபூக்கோ 1975ல் எழுதினார். காலனிய இன்ஸ்பெக்டர் அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

இனி தறிக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் பெருமை கொர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத் தனித்தனி நாடா. கரை நாடாவைத் தள்ள நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் தேவை. அந்த ஆள் பல காலம் ஒரு பிள்ளையாகவே இருந்தது, சில வீடுகளில் சொந்தப் பிள்ளை, பல இடங்களில் முன்பணம் வாங்கிவிட்ட குடும்பத்தின் பிள்ளை. பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது.

1953ல் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளியை மூன்று மணி நேரமாக்கி, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும், காஞ்சி நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த அண்ணாவும் எதிர்த்தார்கள். 1954ல் காமராஜ் ஆட்சி அதைக் கைவிட்டது. அரசாணைதான் போனது. தறிக்குழி எந்த அரசாணைக்கும் காத்திருக்கவில்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கும் கொடுத்தது. 2016 திருத்தம், பள்ளி நேரம் முடிந்து குடும்பத் தொழிலுக்கு 'உதவலாம்' என்கிறது. மூன்று மணிக் கதை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

தறிக்காரன் பிள்ளைக்குக் கைக்கணக்கே போதும், இழை எண்ணத் தெரியுமே என்று சிலர் உருகுவார்கள். இழை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு முன்பணக் கணக்கு தெரியாது. அது முதலாளியின் நோட்டில் இருந்தது. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்று வாசித்துச் சரிபார்க்க முடியாதவரைதான் கடன் தீராமல் நிற்கும். ஆகவே வாசிப்பும் கணக்கும் நமக்கு அற்ப விஷயம் இல்லை. தேர்வு என்றாலே அதிகாரம் என்று ஒதுங்கிக்கொள்வது படித்த நமக்குச் சுலபம்.

பிரச்சினை அளப்பதில் இல்லை. அளந்து யாரைத் தண்டிக்கிறோம் என்பதில் இருக்கிறது. 2019ல் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தது. எதிர்ப்பு வலுத்து 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. நடந்திருந்தால் தவறிய பிள்ளை நேரே வேலைக்குப் போயிருக்கும். பள்ளித் தேர்வு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத்தான் எண்ணும். நின்றுபோனவர்களைக் கழித்துவிட்டால் சராசரி தானே ஏறும். வீடு வீடாகப் போகிற ஏசர் ஆய்வு அந்தக் குறையைக் கொஞ்சம் சரிசெய்கிறது. தமிழகத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018ல் 10.2 சதவீதம், கொரோனா கழிந்து 2022ல் 4.8 என்றது அது. ஆனால் ஏசர் போவது கிராமங்களுக்கு மட்டும். நகரத்துத் தறித் தெரு அதில் வராது. 2022ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. அரும்பு ஏன் அரும்பாகவே நிற்கிறது என்று கேட்கிற கட்டம் படிவத்தில் வேண்டாமா?

இன்று தறியில் குழந்தைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். வேலை தறியிலிருந்து கடைக்கும் பட்டறைக்கும் இடம் மாறலாம். பிள்ளையின் பொழுதைக் கேட்கிற கை மாறியாக வேண்டும் என்பதில்லை. அடுத்த முறை ஒரு பள்ளியின் சதவீதம் கையில் வரும்போது இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேட்போம்: எத்தனை பேர் நின்றுபோனார்கள், மிச்சமிருப்பவர்கள் பள்ளிக்கு வெளியே எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், வீட்டில் யாருக்குக் கடன். இந்த மூன்றும் இல்லாத மதிப்பெண் பட்டியல் பிள்ளையின் மேல் மட்டும் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை.