இரத்தினக் கூடையிற் கிடந்த கருமணி

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பெருவீதியிலே பெல்மதுளை அமைந்திருக்கின்றது. தேயிலையும் இறப்பரும் வளரும் குன்றுகள் ஒருபுறம். அவற்றின் அடிவாரத்து வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் தோண்டப்பெற்ற இரத்தினக் குழிகள் மறுபுறம். மேல்மண்ணையும் களியையும் அகற்றியபின், சிங்களத்தில் ‘இல்லம’ என வழங்கும் சரளைப் படை தோன்றும். அச்சரளையைக் கூடையிலிட்டு நீரில் அமிழ்த்திச் சுழற்றுவர். களியும் மணலும் விளிம்பின் வழியே வெளியேறும். பாரமான கற்கள் அடியிலே தங்கும்.

வெண்கல்லாகிய படிகம் தன் கனவளவுள்ள நீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேற்பட்ட நிறையுடையது. நீலக்கல்லோ நான்கு மடங்கு நிறையுடையது. இவ்வேறுபாட்டை இரத்தினத் தொழிலாளியின் கை நெடுங்காலமாக அறியும். பொருள்களை அவற்றின் இயல்பு கொண்டு வேறுபிரித்தலே இரசாயனத்தின் முதற் பாடமுமாகும். கூடையிலுள்ள சரளை வெறுங் கலவை; ஆகவே அது நீரினாலே பிரிகின்றது.

ஆனால் இயல்பு மட்டும் பொருளின் ஆக்கத்தை உணர்த்திவிடாது. செக்கச்சிவந்த கெம்பும் கருநீலக் கல்லும் பார்வைக்கு வெவ்வேறானவை. இரண்டும் குருந்தம் என்னும் ஒரே கனியமே. அலுமினியம் என்னும் மூலகத்தின் இரண்டு அணுவுக்கு ஒட்சிசன் மூன்று அணு என்ற விகிதத்திற் சேர்ந்த சேர்வை அது. அதிலே சிறிதளவு குரோமியம் புகுந்தாற் செம்மை. இரும்பும் தைத்தானியமும் புகுந்தால் நீலம். கூடையை எத்தனை முறை சுழற்றினாலும் அலுமினியமும் ஒட்சிசனும் பிரியமாட்டா.

உலகம் ஐம்பூதங்களால் ஆனதென்று முன்னோர் கொண்டனர். பிரான்சு தேசத்து இலவோசியே 1789இல், மேலும் பிரிக்கவியலாத பொருள்களே மூலகங்கள் என வரையறுத்து, அவற்றை அட்டவணைப்படுத்தினார். ஆங்கில அறிஞர் தாற்றன் 1808இல் வெளியிட்ட நூலிலே, மூலகம் ஒவ்வொன்றும் அணுக்களால் ஆனது, அவ்வணுக்களை ஆக்கவோ அழிக்கவோ இயலாது, ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே நிறையுடையன என்று கூறினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரசாயனம் முழுவதும் இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தது. அந்த அடித்தளம் அசைந்தபோது, சபரகமுவ மண்ணிற் கிடந்த ஒரு கருமணியும் சான்று கூறிற்று.

கொழும்பிலே 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர். பிற்காலத்திற் கலாயோகி எனப் போற்றப்பெற்ற அவர், தொடக்கத்தில் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிற் புவியியலும் தாவரவியலும் பயின்ற விஞ்ஞானியே. 1903ஆம் ஆண்டு முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக விளங்கினார். பலாங்கொடைக்கு அணித்தான பகுதிகளில், இரத்தினச் சரளையிடையே கன்னங்கரிய சிறு கனசதுர மணிகள் கிடைத்தன. அவற்றின் பாரமோ வியக்கத்தக்கது. நீரைப்போல் ஒன்பது மடங்குக்கு மேற்பட்டது. கூடையின் அடியிலே தங்கினும், இரத்தினம் தேடுவோர்க்கு அவை பயன்படவில்லை.

1904இல் இம்மணியை ஆராய்ந்த குமாரசுவாமி, அதனை யுரேனியக் கனியமாகிய யுரேனினைற்று எனக் கருதினார். இலண்டனிலே டன்ஸ்ரன் நடத்திய பகுப்பாய்வு வேறொரு முடிவைத் தந்தது. மணியின் நிறையில் ஏறத்தாழ முக்காற்பங்கு தோரியம் ஒட்சைட்டு! புதிய கனியமாகிய அதற்குத் தோரியனைற்று என்று பெயரிடப்பட்டது. அக்காலத்து வாயு விளக்குகளில் ஒளிர்ந்த மென்டில் வலைகளுக்குத் தோரியம் இன்றியமையாதது. ஆகவே கழிவென ஒதுக்கத்தக்க கருமணிக்கு விலையும் ஏற்பட்டது.

எனினும் அதன் பெருமை விளக்கொளியோடு முடிந்துவிடவில்லை. தோரியம் தானாகவே வேறு மூலகமாக மாறுகின்றது என்று இரதபோர்டும் சொடியும் 1902இற் கூறியிருந்தனர். அணு மாறாதது என்று பயின்ற பலர் இதனை ஏற்கத் தயங்கினர். குமாரசுவாமி பயின்ற கல்லூரியிலேயே பேராசிரியராயிருந்த இராம்சே, இலங்கைத் தோரியனைற்றைப் பெருமளவில் வாங்கினார். அம்மணியைச் சூடாக்கியபோது ஈலியம் என்னும் வாயு வெளிப்பட்டது. வேறெப்பொருளோடும் எளிதிற் சேராத அவ்வாயு, கல்லினுள்ளே எவ்வாறு புகுந்தது? அது வெளியிலிருந்து புகவில்லை. அணுக்கள் சிதைந்தபோது உள்ளேயே பிறந்தது. கதிர்களாக வெளிப்படும் அல்பாத் துணிக்கை ஈலியமே என்பதை இரதபோர்டு 1908இல் ஐயமற நிறுவினார்.

இராம்சேயிடம் பயில வந்த ஒட்டோ ஹான் என்னும் செர்மானிய இளைஞர், தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பை ஆராய்ந்து, 1905இல் இரேடியோதோரியம் என்ற புதிய பொருளை அறிவித்தார். விந்தை யாதெனில், அதன் கதிர்வீச்சு தோரியத்தினும் பன்மடங்கு வலியது. இரசாயன முறையிலோ அதனைத் தோரியத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. இவ்வாறான பொருள்கள் ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்களே என 1913இற் சொடி விளக்கினார். அவையே சமதானிகள்.

இதற்கும் இலங்கைக் கல்லே சான்றாயிற்று. தோரியத்தின் அணுநிறை 232. அது 6 ஈலிய அணுக்களை, ஒன்றுக்கு 4 வீதம், இழந்தால் 208 நிறையுள்ள ஈயம் எஞ்சவேண்டும். சாதாரண ஈயத்தின் அணுநிறையோ 207.2. தோரியமுள்ள இன்னொரு கனியமாகிய இலங்கைத் தோரைற்றிலிருந்து சொடி ஈயத்தைப் பிரித்தெடுத்தார். அதன் அணுநிறை 207.7 அளவில் இருந்தது. கனியத்திற் கலந்திருந்த சிறிதளவு யுரேனியம் 206 நிறையுள்ள ஈயத்தைத் தந்தமையால், கணக்கு 208ஐ எட்டவில்லை. ஆயினும் அந்த ஈயம் சாதாரண ஈயத்தினும் பாரமானது என்பது உறுதியாயிற்று. நிறத்திலும் உருகும் தன்மையிலும் இரசாயனத் தாக்கத்திலும் வேற்றுமை காணப்படாத ஈயம், நிறையில் மட்டும் வேறுபட்டது. ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே நிறையுடையன என்ற தாற்றனின் கூற்று திருத்தப்பட்டது.

சொடிக்கு 1921ஆம் ஆண்டின் நொபெல் பரிசும், பின்னர் 1938இல் யுரேனிய அணுவின் பிளவைக் கண்டறிந்த ஹானுக்கு 1944ஆம் ஆண்டின் நொபெல் பரிசும் கிடைத்தன. குமாரசுவாமி கலையாராய்ச்சியிற் புகழெய்தி 1947இல் மறைந்தார். பெல்மதுளை வட்டாரத்திலே கூடையைச் சுழற்றும் கை, பாரத்தினாற் பொருளைப் பிரிக்கின்றது. அந்தக் கை அறிந்த அதே இயல்பை நுட்பமாக அளந்தே, அணுவுக்குள்ளும் வேற்றுமை உண்டென்பதை விஞ்ஞானம் உணர்ந்துகொண்டது.